பத்துக் கிலோ மிளகாய்க்கு எத்தனை காம்பு

ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். 100 கிராம் குண்டு மிளகாயைத் தராசில் நிறுத்து எடுத்துக்கொண்டு, காம்பு கிள்ளக் கிள்ள எண்ணிக்கொண்டே வந்தேன். 111 வந்தது. அப்படியென்றால் 10 கிலோவுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே கூடாது. அன்றுவரை மூட்டை மூட்டையாகத்தான் தெரிந்தது. இப்போது மூட்டையின் வாயைப் பிரித்தாலே பதினோராயிரம் என்று மனம் முணுமுணுக்கிறது.

காம்பு கிள்ளத் தொடங்கினால் முதலில் கட்டைவிரல் நகத்தடியில் எரியும். அரை மணி நேரத்தில் அது மரத்துப் போகும். கையுறை போட்டுப் பார்த்தேன். வேகம் பாதியாகிவிட்டது, கழற்றி எறிந்துவிட்டேன். விரலெல்லாம் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு உட்காருவதுதான் இன்றுவரை நான் கண்ட வழி. அன்று முழுக்கக் கண்ணைத் தொடக்கூடாது. மகள் சிறியவளாக இருந்தபோது, காம்பு கிள்ளும் நாட்களில் அவளுக்கு நான் தலை பின்ன மாட்டேன்; அத்தைதான் பின்னிவிடுவார். சோற்றையும் கரண்டியால் சாப்பிடுவேன்.

மதுரை திருநகரில் எங்கள் வீடு. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று ஐந்து வகை அரைத்து விற்கிறேன். தொடங்கியது 2018-இல். எதிர்வீட்டுப் பெண் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது விடுதிச் சாப்பாட்டைச் சமாளிக்க இட்லிப் பொடி கேட்டாள். அவளுடைய அறைத்தோழிகள் கேட்டார்கள். பிறகு அந்தத் தோழிகளின் அம்மாக்கள் கேட்டார்கள். தொடங்கிய கதையில் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கனவு, இலட்சியம் என்றெல்லாம் எதுவும் அப்போது இருந்ததாக நினைவில்லை. மகளின் பள்ளிக் கட்டணம் இருந்தது.

"வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வாரப் பத்திரிகைகளிலும் யூடியூபிலும் இதற்கென்றே ஒரு படம் உண்டு. மடிப்புக் கலையாத பருத்திப் புடவையில் ஒரு பெண், பித்தளைத் தாம்பாளத்தில் மிளகாயைக் குவித்து வைத்துக்கொண்டு சிரிப்பாள். நான் அந்தப் படத்தில் மிளகாயைத்தான் பார்ப்பேன். காம்போடு இருக்கும்.

மில்லுக்குப் போகும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். உண்மையில் தொழில் என்றால் அந்த நாள்தான்; மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடும் அதன் மிச்சமும்.

எங்கள் பகுதி மில்லில் மூன்று மெஷின்கள். ஒன்று அரிசிக்கு, ஒன்று கோதுமை, கேழ்வரகுக்கு. மூலையில் செக்கச்செவேல் என்று சுவரெல்லாம் படிந்து கிடப்பது மிளகாய்க்கு. அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. தூக்குவாளிகளும் எவர்சில்வர் டப்பாக்களும் நிற்கும், ஆட்கள் வெளியே வேப்பமரத்தடியில் தும்மிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் உள்ளேயே நிற்பேன். எனக்கு முன்னால் என்ன அரைபட்டது என்று பார்த்தாக வேண்டும். முன்னால் இருப்பவர் கறிமசாலா அரைத்திருந்தால், அவருடைய பட்டையும் சோம்பும் மெஷினின் வயிற்றில் ஒரு கைப்பிடியாவது தங்கியிருக்கும். அதற்குப் பின்னால் என் சாம்பார்ப் பொடி விழுந்தால் 13 கிலோவும் போச்சு. கார்த்திகை மாதம் மாலை போட்ட வீட்டுக்காரர்கள் என்னிடம் பொடி வாங்குகிறார்கள். சோம்பு வாசனை வந்தால் அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆகவே காலை ஷட்டர் தூக்கும் நேரத்துக்கே போய்விடுவேன். அப்படியும் முதலில் ஒரு படி மல்லியைப் போட்டு ஓட்டி, விழுவதைத் தனியே பிடித்துக்கொள்வேன். அந்த மல்லித்தூள் எங்கள் வீட்டுக்கு. சலித்த பிறகு மிஞ்சும் கப்பியும் எங்கள் வீட்டுக்குத்தான். ஊருக்கெல்லாம் சாம்பார்ப் பொடி விற்கும் வீட்டில் கொதிப்பது கப்பிச் சாம்பார். கணவர் இதை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை. கப்பியில் வைத்தால் சாம்பார் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை எந்த நாள் என்று செய்தித்தாளில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை பார்க்கத் தவறி, வறுத்த சாமான்களோடு மில் வாசலில் போய் நின்றேன். வறுத்ததை மறுநாள் வரை வைத்தால் காற்றில் ஈரம் கோர்த்து நமத்துவிடும். மறுபடி எல்லாவற்றையும் வாணலியில் போட்டுச் சூடு காட்டி எடுத்தேன். எரிவாயு இரண்டு மடங்கு. இரண்டாவது தடவை வறுபட்ட சீரகம் கொஞ்சம் கறுத்தும் போனது. அந்த ஈட்டை விற்கவில்லை. அந்த வருடம் முழுக்க உறவினர்களுக்குச் சீராகக் கொடுத்துத் தீர்த்தேன்.

அரைத்த பொடி மெஷினிலிருந்து சுடச்சுட விழும். கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றியைப் போல் இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து, கட்டி தட்டி, பத்து நாளில் வாடை வந்துவிடும். வீட்டுக்கு வந்த கையோடு கூடத்தில் வெள்ளைவேட்டியை விரித்து மெல்லிசாகப் பரப்பி ஆறவிட வேண்டும். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று. அந்த நேரத்தில் மின்விசிறி போட முடியாது. போட்டால் பொடி கூடம் முழுக்கப் பறக்கும். மதுரைச் சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத கூடத்தில், மிளகாய் நெடிக்கு நடுவே உட்கார்ந்திருப்பதை எந்த யூடியூப் சேனலும் படம்பிடித்து நான் பார்த்ததில்லை. படம்பிடித்தாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லைதான். ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். முந்தானையால் விசிறிக்கொள்ளக்கூட மாட்டாள்.

வருடத்துக்கு ஒரு பஞ்சாங்கம் போல இந்தத் தொழிலுக்கும் ஒன்று உண்டு. மாசி, பங்குனியில் புது மிளகாய் வரத்து. கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் சாக்குகள் தெருவரை வந்து நிற்கும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் நான் வாடிக்கையாக வாங்கும் கடை அண்ணாச்சி. சொன்ன கையோடு விலையையும் சொன்னார். நல்ல மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஆடும். ஈரம் இருந்தால் ஊமையாக இருக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மூட்டை செலவானது. எடை கூடட்டும் என்று யாரோ தண்ணீர் தெளித்திருந்த மூட்டை அது. வீட்டுக்கு வந்து காயப்போட்டால் 20 கிலோவில் இரண்டரை கிலோ வெயிலோடு போய்விட்டது.

வெயில் இருக்கும்போதே வாங்கி, மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, ஐப்பசி வரைக்கும் சேமித்துவிட வேண்டும். ஏறக்குறைய 150 கிலோ. அதற்குக் கையில் ஏது பணம்? என் இரண்டு வளையல்கள் பங்குனியில் வங்கிக்குப் போகும். தை மாதம் திரும்பி வரும். ஏழெட்டு ஆண்டுகளாக இப்படித்தான். வைகாசியில் உறவில் ஏதாவது கல்யாணம் வந்தால் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போவேன். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்களும் பங்குனி வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள்.

ஆடியில் காற்று. மாடியில் பரப்பியதன்மேல் பழைய நைலான் சேலையைப் போர்த்தி நான்கு மூலையிலும் செங்கல் வைக்க வேண்டும். ஒருமுறை சேலையே பறந்து பின்தெரு வீட்டுத் தென்னையில் தொங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே இருக்காது. வாங்குவோருக்கோ அப்போதுதான் ரசப் பொடி தேவைப்படும். மழையும் சளியும் ரசமும் ஒன்றாகத்தானே வரும்.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு முழுக்க மழை கொட்டியதே, அந்த மாதம்தான் எனக்குச் சரியான அடி விழுந்தது. கறிவேப்பிலைப் பொடிக்கு நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். வெயில் இல்லை. மூன்று நாள் மின்விசிறிக்கு அடியில் உலர்த்தி, வாணலியில் மொறுமொறுவென்று வறுத்தேன். கையால் நொறுக்கினால் நொறுங்கியது. நடுநரம்பில் ஈரம் இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை. நான்கு கிலோ அரைத்து, 100 கிராம் பொட்டலங்களாக 40 போட்டேன். 31 விற்றுப்போயின. பதினேழாம் நாள் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். பொடியின்மேல் வெள்ளையாகப் பஞ்சு போல. கீழே ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தேவலை.

22 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் சொன்னேன், பயன்படுத்தாதீர்கள், பணத்தைத் திருப்பிவிடுகிறேன் என்று. முதல் நான்கு அழைப்புகளில் குரல் நடுங்கியது. பத்தாவது வீட்டுக்குள் மனப்பாடமாகிவிட்டது. அதுவும் ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது. சிலர் கோபப்பட்டார்கள். சிலர் பரவாயில்லை அக்கா என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அதன்பிறகு வாங்கவில்லை. வில்லாபுரத்தில் ஒரு பெரியம்மா, "நான் அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்த்துவிட்டேனே, நன்றாகத்தான் இருந்தது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று நாள் தொடர்ந்து அவருக்கு ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் கூப்பிட்டுக் குரல் தெம்பாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். மிச்சமிருந்ததைக் குப்பையில் போட்டபோது, வண்டி தள்ளி வந்த அம்மா பையை மோந்து பார்த்து, வாசனை நன்றாக இருக்கிறதே, ஏன் போடுகிறாய் என்று கேட்டார். ஐப்பசி முதல் மார்கழி வரை இப்போது கறிவேப்பிலைப் பொடி கிடையாது. ஏன் இல்லை என்று கேட்பவர்களிடம் மழை என்று மட்டும் சொல்கிறேன்.

இனி பணம். ஒரு ஈடு சாம்பார்ப் பொடிக் கணக்கை என் நோட்டில் இருப்பதுபோலவே சொல்லிவிடுகிறேன். குண்டு மிளகாய் 5 கிலோ 1,300 ரூபாய். மல்லி 6 கிலோ 720. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு ஒவ்வொரு கிலோ, சேர்த்து 250. மிளகு அரைக் கிலோ 350, சீரகம் அரைக் கிலோ 150, வெந்தயம் கால் கிலோ 25, விரலி மஞ்சள் அரைக் கிலோ 100. பெருங்காயமும் கறிவேப்பிலையும் 105. ஆக 3,000. மில் கூலி 400, எரிவாயு 150, பையும் லேபிளும் 340, ஆட்டோ 200. மொத்தம் 4,090. உள்ளே போனது 14 கிலோ 750 கிராம். காம்பு, ஈரம், கப்பி, மெஷின் விழுங்கியது எல்லாம் போக வெளியே வருவது 13 கிலோ. கால் கிலோப் பை 120 ரூபாய் என்று 52 பைகள் போனால் 6,240. மிச்சம் 2,150.

இதுவரை சரி. இதில் ஓட்டை விழும் இடங்கள் தனி. கால் கிலோ என்று சொல்லிவிட்டு 255 கிராம் போடுவேன். யாராவது தங்கள் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்து 248 என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஐந்து கிராம்தானே? 52 பைக்கு அது 260 கிராம். ஈட்டுக்கு ஒரு பை கொசுறாகவே போகிறது. கூரியர்க்காரர்கள் அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். இரண்டு கால் கிலோப் பைகளை ஒரு உறையில் போட்டால் 530 கிராம். உடனே ஒரு கிலோவுக்கான கட்டணம். இது புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் அரைக் கிலோ வாங்கிய வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு நான்தான் பாதிக் கூரியர்ச் செலவைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு, வராத பணம். வழியில் கிழிந்த உறை. "நம் வீட்டுப் பொடிதானே" என்று எடுத்துக்கொண்டு போகும் நாத்தனார். எல்லாம் போக ஈட்டுக்கு 1,850 நிற்கும்.

ஒருநாள், மகள் கணக்குப்பாடத்தில் உட்கார்ந்திருந்தபோது, நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் நேரத்தை எழுதினேன். காம்பு இரண்டரை மணி, சாமான்களைப் புடைத்துக் காயவைத்து மாடிக்கும் கீழுக்கும் சுமந்தது மூன்று, வறுத்தது மூன்று, மில் மூன்று, ஆறவைத்துச் சலித்தது இரண்டரை, நிறுத்து ஒட்டியது நான்கு, போனில் பேசி, எழுதி, அனுப்பியது ஐந்து. 23 மணி நேரம். மணிக்கு 80 ரூபாய். பார்த்துவிட்டு நோட்டை மூடினேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடு என்பார். விட்டுவிடவும் எனக்கு மனமில்லை.

ஆனால் இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேலை அதிகமான வாரங்களில் பின்தெருவிலிருந்து ஒரு அக்கா காம்பு கிள்ள வருவார். கிலோவுக்கு 25 ரூபாய் கொடுக்கிறேன். மணிக்கு இரண்டு கிலோ கிள்ளுவார். அப்படியென்றால் அவருக்கு மணிக்கு 50. எனக்கு 80 ரூபாய்தான் நிற்கிறது என்று புலம்பும் நான் அவருக்கு 50 கொடுக்கிறேன். கூட்டிக் கொடுத்தால் பை 125 ஆகும். 125 ரூபாய்க்கு விற்றால், சூப்பர் மார்க்கெட்டில் பளபளக்கும் அட்டைப்பெட்டிப் பொடிக்குப் போய்விடுவார்களோ என்று பயம். அவருக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்து என் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அது கூலி ஆகாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வராத பணத்தைப் பற்றிக் கொஞ்சம். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்து, மகளின் படிப்பை விசாரித்து, இரண்டு பை வாங்கிக்கொண்டு, "போய்ச் சேர்ந்ததும் கூகுள் பேயில் போட்டுவிடுகிறேன்" என்று கிளம்பியவரிடம் அந்த 240 ரூபாயை எப்படிக் கேட்பது? கடைக்காரர் என்றால் கேட்டுவிடுவார். கேட்பது அவர் தொழில். நான் கேட்டால் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காப்பிக்குக் காசு கேட்டதுபோல் ஆகிவிடுகிறது. முதலில் நலம் விசாரித்து ஒரு செய்தி எழுதுவேன். அழிப்பேன். பொடி எப்படி இருந்தது என்று எழுதுவேன். அருமை என்று பதில் வரும், கூடவே இரண்டு கும்பிடும் கைகள். பணம் வராது. ஒருவர் இதே முறையில் நான்கு முறை வாங்கியிருக்கிறார். ஐந்தாம் முறை கேட்டபோது பொடி தீர்ந்துவிட்டது என்றேன். அலமாரியில் 30 பைகள் இருந்தன.

காகித வேலைகளைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். நான் பதிந்தபோது, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். அதை நிரப்பிக் கொடுக்கக் கணினி மையத்தில் வாங்கியது 600. ஆனாலும் 14 இலக்க எண் கைக்கு வந்தபோது மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பரீட்சை எண் மாதிரி இருக்கிறது என்றாள். ஆசை ஆசையாகத் தமிழில் மட்டும் 2,000 லேபிள் அடித்தேன். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மல்லிக்கும் மிளகாய்க்கும் ஆங்கிலம் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. அந்த 2,000 லேபிள்களின் பின்பக்கத்தில்தான் இன்றும் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுகிறேன். சமையலுக்குச் சிவப்பு எரிவாயு உருளை, வறுப்பதற்கு 19 கிலோ நீல உருளை. இரண்டும் அடுக்களையில் அடுத்தடுத்து நிற்கின்றன. தராசுக்கு வருடந்தோறும் முத்திரை வைக்க வேண்டும்.

பெங்களூருக்கு அனுப்ப முடியாது என்று சொல்லும்போதுதான் வாடிக்கையாளர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. தமிழ்நாட்டுக்குள் விற்றால் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம், மாநில எல்லையைத் தாண்டி ஒரு கால் கிலோவை விற்றாலும் வேண்டும். ஓசூரில் இருப்பவருக்கு அனுப்புகிறேன், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கு இல்லை. பெங்களூரில் இருக்கும் ஒரு பெண்ணின் அம்மா என்னிடம் வாங்கி, மூட்டை கட்டி, இரவு ரயிலில் தானே கொண்டுபோகிறார். பேரனைப் பார்க்கப் போகிறாரா, பொடி கொடுக்கப் போகிறாரா என்று தெரியவில்லை.

காரத்தைப் பற்றி வரும் புகார்களை எழுதத் தொடங்கினால் முடியாது. ஒரே நாள், ஒரே ஈடு, ஒரே வாணலி. காலை 10 மணிக்கு ஒருவர் காரம் தாங்கவில்லை என்பார். 11 மணிக்கு ஒருவர் காரமே இல்லை, மிளகாய் விலை ஏறிவிட்டதா என்பார். முன்பெல்லாம் இரண்டு பேருக்கும் மாய்ந்து மாய்ந்து விளக்கம் எழுதுவேன். இப்போது முதலாமவரிடம் ஒரு தேக்கரண்டி குறைத்துப் போடுங்கள் என்கிறேன், இரண்டாமவரிடம் ஒரு தேக்கரண்டி கூட்டிப் போடுங்கள் என்கிறேன். இரண்டு பேரும் நன்றி சொல்கிறார்கள்.

வேலையைவிட என்னைச் சோர வைப்பது வேறொன்று. அலுவலகம் போகிற பெண்ணிடம் யாரும் "நீ அலுவலகத்தில்தானே இருக்கிறாய், என் பார்சலை வாங்கி வை" என்று சொல்வதில்லை. என்னிடம் தெருவே சொல்லும். பக்கத்து வீட்டு எரிவாயு உருளை, மாடிவீட்டுப் பார்சல், எதிர்வீட்டுச் சாவி, எல்லாம் என் கைக்கு வரும். "நீ வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்று அதற்கொரு முகவுரையும் வரும். வாணலியில் வெந்தயம் இருக்கும்போது மணி அடிக்கும். வெந்தயம் சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையே இருப்பது ஒரு பார்சலில் கையெழுத்துப் போடுகிற நேரம்தான். துக்க வீட்டுக்குக் காலையிலேயே வந்து உட்கார வேண்டியவளும் நான்தான்; மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டு மாலையில் தலைகாட்டலாம், அவர்களுக்கு வேலை இருக்கிறது.

சரி, வீடு என் வேலையைத் தின்கிறது என்றால் என் வேலையும் வீட்டைத் தின்னாமல் இல்லை. பின்னறையில் சாக்குகள், விருந்தாளி வந்தால் கூடத்தில்தான் படுக்கை. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் லேபிள் கட்டு. கணவரின் அலுவலகச் சட்டையில் பெருங்காய வாசனை வருகிறது என்று உடன் வேலை செய்பவர் சொன்னாராம். இரவு ஒன்பதரைக்கு மணி அடித்தால் எழுந்து போகிறேன். 100 கிராம் பருப்புப் பொடி, குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறது அக்கா. கடைக்கு ஷட்டர் இருக்கிறது. வீட்டுக்கு என்ன இருக்கிறது?

அத்தைக்கு இந்தத் தொழிலில் ஆரம்பத்திலிருந்தே உடன்பாடில்லை. இத்தனைக்கும் பக்குவம் அவருடையது. படியிலும் ஆழாக்கிலும் அவர் கைக்கணக்காகச் சொன்னதைத்தான் நான் கிராமுக்கு மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். அவர் காலத்தில் தெருவில் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் சாமானை வாங்கி வறுத்துக் கொடுப்பாராம். காசு வாங்கியதில்லை. பொடிக்குக் காசா என்று இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு ஈட்டையும் நுனிவிரலால் நக்கிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. "வெந்தயம் ஒரு கை தூக்கல்" என்பார். நோட்டைப் பார்த்தால் 20 கிராம் கூடியிருக்கும். இப்போது 78 வயது. கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. மாலையில் சுளகைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, கேட்காமலேயே காம்பு கிள்ளத் தொடங்குகிறார். என்னைவிட வேகம்.

போன வாரம் அப்படி இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய தங்கை தொலைபேசியில் கூப்பிட்டார். மகள் போனை அத்தையின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவர் கையும் மிளகாய். அந்தப் பக்கம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"என்ன செய்கிறோம், நானும் மருமகளும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்" என்றார் அத்தை, கிள்ளிக்கொண்டே.

சாக்கில் இன்னும் மூன்று கிலோ இருந்தது.